பின்னால் ஒன்றும் தெரியக்கூடாது

கல்முனைக்குடியில் ஹவ்வா உம்மாவைத் தெரியாத தாய்மார் அந்தக் காலத்தில் குறைவு. படக்கார ஹவ்வா என்று கேட்டால் எந்த வளவிலும் வீட்டைக் காட்டுவார்கள். கெமராப் பையை முன்பக்கமாக மாட்டி, அதற்கு மேல் பர்தாவைப் போர்த்திக்கொண்டு அவள் நடந்து வந்தால், தெரியாதவர்கள் நிறைமாதக்காரி என்றுதான் நினைப்பார்கள். பஸ்ஸில் எத்தனையோ பேர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அவளும் கூச்சப்படாமல் உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டே நிந்தவூர் வரைக்கும் போயிருக்கிறாள்.

வாய் கொஞ்சம் பொல்லாதது. முன்பு அப்படி இல்லை என்று அவளைச் சின்ன வயதில் கண்டவர்கள் சொல்வார்கள். அவளுடைய புருஷன் காலிதீன் கல்முனை பிரதான வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில், சண்டை கொஞ்சம் ஓய்ந்ததுபோல் இருந்த ஒரு காலையில், பிலிமும் கடதாசியும் வாங்குவதற்காக ஒரு வேனில் ஏறி மட்டக்களப்புக்குப் போனான். வேனும் திரும்பவில்லை, அதில் போன ஒருவரும் திரும்பவில்லை. அடக்குவதற்கு மையித்தும் வரவில்லை, சேதியும் வரவில்லை. ஹவ்வா இத்தா இருக்க வேண்டுமா, கூடாதா என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். மௌத்தானவனின் பெண்சாதி என்றால் நாலு சுவருக்குள் இத்தா இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவனின் பெண்சாதி என்றால் அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. ஹவ்வா அலுமாரியைத் திறந்து கெமராவை வெளியே எடுத்தாள்.

அதே அலுமாரியில் காலிதீனின் படம் ஒன்றும் இருந்தது. நல்ல படம், மீசையின் ஒவ்வொரு மயிரும் எண்ணலாம் போலத் தெரியும். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி இறங்காத முகாம் இல்லை, அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் வாங்கிப் பார்த்தார்கள், ஆள் நன்றாகத் தெரிகிறது என்றார்கள், திருப்பித் தந்தார்கள். இவ்வளவு துலக்கமான முகத்தை வைத்துக்கொண்டும் ஒரு மனிசனைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அவளுக்கு வந்த கோபம் ஆறவே இல்லை. கடைசியில் படத்தைச் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, தொழிலைப் பார்க்கத் தொடங்கினாள்.

தொழில் அவளுக்குப் புதிதல்ல. ஸ்டூடியோவுக்குப் பெண்கள் படமெடுக்க வந்தால் காலிதீன் உள்ளே போக மாட்டான். ஹவ்வாவை அனுப்பிவிட்டு, திரைக்கு வெளியே நின்றபடி எந்த வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சத்தம் போட்டுச் சொல்லுவான். இப்போது வெளியே நின்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடையாள அட்டை இல்லாமல் ஒரு சந்தியைக்கூடத் தாண்ட முடியாத காலம் அது. அட்டைக்குப் படம் வேண்டும், அதற்காக ஓர் ஆணின் முன்னால் முகத்தைத் திறந்துகொண்டு உட்காரப் பெண்களுக்கு மனமில்லை. அவர்கள் ஹவ்வாவைத் தேடி வந்தார்கள். படம் கழுவி வந்ததும், அந்தப் பெண்ணின் நெகட்டிவை வெட்டி அவள் கையிலேயே ஹவ்வா கொடுத்துவிடுவாள்.

"இந்தா புள்ள, ஒன்ட முகம். அடுப்புல போட்டாலும் சரி, பெட்டிக்குள்ள வெச்சாலும் சரி. என்ட கையில ஒண்டும் இல்ல."

அனேகமாக எல்லோரும் அடுப்பில்தான் போட்டார்கள். இந்த நாணயத்துக்காகத்தான் அவளை அடுப்படிவரைக்கும் விட்டார்கள்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது குழந்தைப் படங்கள்தான். ஊரில் பாதி வாப்பாமார் சவூதியில் கிடந்தார்கள். பிள்ளை பிறந்து முகம் தெளிந்ததும் அங்கே படம் போக வேண்டும். வீடுகளோ படம் எடுப்பதற்கு ஏற்ற வீடுகளாக இல்லை. சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட குழிகள், எரிந்த கூரையைத் தகரத்தால் மூடிய மூலை, ஒழுக்குக்கு வைத்த வாளி. வெயிலில் கிடந்து உழைக்கிறவனுக்கு இதையெல்லாம் ஏன் காட்ட வேண்டும் என்று பெண்கள் நினைத்தார்கள்.

"ராத்தா, புள்ள மட்டும் விழுந்தாப் போதும். பின்னால ஒண்டும் தெரியப்படாது" என்பார்கள்.

"தெரியாம எடுக்கலாம். நீங்க புள்ளய அசையாமப் புடிங்க. நான் படக்காரி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மேசன் இல்ல" என்பாள் ஹவ்வா.

திட்டினாலும் செய்து கொடுப்பாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கெமராவின் கண்ணை முழுக்கத் திறந்துவிட வேண்டும், அதாவது வளையத்தை ஆகச் சின்ன இலக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தையைச் சுவரை விட்டு முடிந்த அளவு முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தானும் அதன் மூச்சுப் படுகிற கிட்டத்துக்குப் போக வேண்டும். வெயிலில் வைத்தால் கெமராவின் கண்ணைச் சுருக்க வேண்டிவரும், சுருக்கினால் பின்னால் இருக்கிற முசீபத்தெல்லாம் துலங்கிவிடும். ஆகவே வாசல் நிழல்தான் சரி, பிளாஷ் அடிக்கவே கூடாது. பிறகு பிள்ளையின் கிட்ட இருக்கிற கண்ணின் இமை மயிரில் துலக்கத்தை வைத்து, அது தலையைத் திருப்புவதற்குள் பொத்தானை அமத்திவிட வேண்டும். அப்படி எடுத்தால் பிள்ளை மட்டும் தெளிவாக நிற்கும். குழியும் தகரமும் வாளியும் ஒன்றோடொன்று கரைந்து பால்தேத்தண்ணி நிறமாகிவிடும். படத்தைப் பார்த்துவிட்டு, வீடு திருத்தி முடிந்துவிட்டதா என்று கேட்ட வாப்பாமாரும் இருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றில் நிந்தவூரிலிருந்து சுபைறா ஆள் அனுப்பினாள். அவளுக்கு முதலே அடையாள அட்டைக்குப் படமெடுத்தது ஹவ்வாதான். கலியாணம் முடித்துச் சில மாதங்களில் புருஷன் றமீஸ் சவூதியில் தம்மாமுக்குப் போய்விட்டான். அவன் போகும்போது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை சிஹானா இப்போது பிறந்து, குப்புறப் படுக்கப் பழகியிருந்தது. வீட்டில் சுபைறாவின் உம்மா சல்மா உம்மாவும், பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி நஜ்லாவும் இருந்தார்கள்.

றமீஸ் படம் விஷயத்தில் கண்டிப்பானவன். கலியாண வீட்டுக்குள் கெமரா வரக்கூடாது என்று சொல்லிவிட்டவன். சுபைறாவின் அட்டைப் பட நெகட்டிவும் அவன் சொல்லித்தான் அடுப்புக்குள் போனது. அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கசெட்டில் கதைத்து அனுப்புவதுதான் வழக்கம். அவன் அனுப்பிய கசெட்டை சுபைறா போட்டுக் காட்டினாள்.

"புள்ளட படம் ஒண்டு எடுத்து அனுப்பு. நீ அதில வரப்படாது, விளங்கிற்றா? இஞ்ச ஒரு ரூமுக்குள்ளதான் எல்லாரும் கிடக்கம். படம் எண்டு வந்தா ஆளுக்காள் பறிச்சுப் பாப்பானுகள்."

"கேட்டீங்களா ராத்தா?" என்று சுபைறா சிரித்தாள். புருஷனுக்குத் தன்மேல் இருக்கிற பொறாமை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிள்ளை இன்னும் உட்காரவில்லை, யாராவது பின்னால் இருந்து பிடிக்க வேண்டும். நஜ்லா பிடித்தால் அழுதது, சல்மா உம்மா பிடித்தாலும் அழுதது. சுபைறா தலையிலிருந்து படுக்கைச் சீலையைப் போர்த்துக்கொண்டு பிடித்துப் பார்த்தாள். பிள்ளை திரும்பி, முகமில்லாத அந்த உருவத்தைக் கண்டதும் வீடே அதிரக் கத்தியது.

"சீலைய எடு புள்ள. ஒன்ட முகத்தப் பாத்தாத்தான் இவள் அடங்குவாள்" என்றாள் ஹவ்வா.

"நானும் படத்துல விழுந்திருவேனே ராத்தா?"

"நான் விழ விட்டாத்தானே. கைய நல்லா நீட்டிப் புடி. தலயப் பின்னுக்குக் கொண்டு போ."

சுபைறா கைகளை நீட்டிப் பிள்ளையை வாசல் நிழலில் பிடித்தாள். ஹவ்வா கெமராவின் கண்ணை முழுக்கத் திறந்தாள். சுபைறா பின்னால் இருந்து நாக்கைச் சொடுக்கினாள், பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது, ஹவ்வா அமத்தினாள்.

கொழும்பிலிருந்து கழுவி வந்த படத்தில் பிள்ளையின் உதட்டில் நின்ற எச்சில் துளிகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால், முந்தானையின் இளம்பச்சையும் நடுவில் மண்ணிறமான ஒரு மங்கலும் மட்டும் இருந்தன. வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள்.

"நான் எங்க ராத்தா?" என்று சுபைறா கேட்டாள்.

"இந்தா, இந்தப் பச்சதான் நீ."

"நல்லதாப் போச்சு" என்றாள் சுபைறா. ஆனால் படத்தைக் கவருக்குள் வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வலிப்பு வந்தபோது ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். வயல் உழுகிற மெசினின் இழுவைப் பெட்டியில் பாயை விரித்துக் கிடத்திக்கொண்டு போனார்கள். பாதையை மறித்து நின்றவர்கள், திறக்க உத்தரவு வரவில்லை என்றார்கள். சல்மா உம்மா மெசினிலிருந்து இறங்கி அவர்களைக் கும்பிட்டாள். வாழ்நாளில் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரிடமும் கையேந்தாத பெண். உத்தரவு வந்து பாதை திறந்தபோது, மெசினைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். மௌத்தைப் பதியும்போது அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள், கொடுத்துவிட்டார்கள். அதோடு இந்த உலகத்தில் சுபைறாவின் முகம் பதிந்த கடைசித் துண்டும் போனது.

றமீஸ் அப்போது வரவில்லை. அவனுடைய பாஸ்போட் கம்பெனிக்காரனின் பெட்டிக்குள் இருந்தது. தொண்ணூற்று ஆறில்தான் அவனை விட்டார்கள். வந்த கொஞ்ச நாளில், சிஹானாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹவ்வாவின் வீட்டுக்கு வந்தான். மெலிந்து கறுத்திருந்தான். சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தான். நாலு மூலையிலும் சுவரில் ஒட்டியிருந்த டேப் மஞ்சளித்துப்போய் இருந்தது.

"ராத்தா, இதில என்ட பொஞ்சாதி இரிக்கா. அவவத் தெளிவாக்கித் தாங்க" என்றான்.

"அது ஏலா தம்பி."

"நெகட்டிவ் இரிக்கிதானே?"

"இரிக்கி. புள்ளப் படம்தானே எண்டு வெச்சிரிக்கன். அதிலயும் இப்பிடித்தான். விழாதத எங்கிருந்து எடுக்கிற?"

அவனுக்கு அது விளங்கவில்லை. கண்ணாடியில் தூசி படிந்தால் துடைக்கலாம்தானே என்பதுபோல, பெரிசாக்கினால் தெரியும் என்று விடாமல் சொன்னான். அவன் மனதுக்காக ஹவ்வா நெகட்டிவைக் கொழும்புக்கு அனுப்பினாள். பெரிசாக்கி வந்தது. பிள்ளையின் இமை மயிர்கள் தடித்திருந்தன. பச்சை இன்னும் பெரிய பச்சையாக இருந்தது. அவன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தான், தூரத்தில் வைத்தான், கிட்ட வைத்தான்.

ஹவ்வாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்கதானே தம்பி அவ படத்துல வரப்படாது எண்டு கசெட்டுல சொன்ன? நானும் என்ட காதால கேட்டன்."

"ஓம். நான்தான் சொன்ன" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பேசினான். "கலியாணம் முடிச்சு, அவட முகத்த வடிவாப் பாத்துப் பழக முந்தியே போய்ட்டன் ராத்தா. அங்க ஒவ்வொரு நாளும் விடிஞ்சு எழும்பினா இந்தப் படத்தத்தான் பாத்தன். இப்ப கண்ண மூடினா இதுதான் வருது, இந்தப் பச்ச. முகம் வருதில்ல. புள்ள கேக்கிற வயசு வரப்போகுது, நான் என்னத்தச் சொல்லுற?"

ஹவ்வா தன் வாயை நினைத்து வெட்கப்பட்டாள். அவன் போன பிறகும் அந்த வெட்கம் போகவில்லை. ஒரு வழி தோன்றியது. பையை மாட்டிக்கொண்டு நிந்தவூருக்கு பஸ் ஏறினாள்.

நஜ்லா இப்போது சுபைறா கலியாணம் முடித்த வயதுக்கு வந்திருந்தாள். மூத்தவளை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். சாச்சி சாச்சி என்று அவளையே சுற்றுகிற சிஹானாவை வளர்ப்பது அவள்தான், ஊட்டுவதும் உறங்க வைப்பதும் அவள்தான். ஆனால் பெரியபிள்ளையான பின் மச்சானுக்கு முன்னால் முகம் காட்டுவது முறையில்லை. றமீஸ் வீட்டுக்குள் வந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள். அவன் கேட்டதெல்லாம் திரைக்குப் பின்னால் பிள்ளையோடு கொஞ்சுகிற குரலை மட்டும்தான்.

"ஒரு சாயலுக்காவது இவளட முகத்த அவர் பாத்தா, மறந்தது ஞாபகம் வரும் எண்டு நெனக்கிறன்" என்று ஹவ்வா சொன்னபோது சல்மா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நஜ்லாதான் யோசித்துவிட்டுப் பேசினாள்.

"எடுங்க ராத்தா. ஆனா இது நான் எண்டு மச்சானுக்குச் சொல்லித்தான் குடுக்கணும். மறைச்சுக் குடுக்கப்படாது."

"சொல்லித்தான் குடுப்பன் புள்ள. அல்லாஹ் அறிய."

இந்த முறை ஹவ்வா எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். நஜ்லாவை வெயில் விழுகிற இடத்தில் நிறுத்தினாள். கெமராவின் கண்ணைச் சுருக்கினாள். நஜ்லாவின் தலையில் இருந்தது அக்காவின் பச்சை முந்தானைதான். மௌத்தானவளின் உடுப்புகளை அவள்தான் உடுத்திக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஹவ்வா அதைக் கண்டாள், கண்டும் அமத்தினாள். படம் வந்தபோது முகமும் முந்தானையும் சுவரின் குழிகளும் மூலைத் தகரமும் ஒன்று விடாமல் துலங்கியிருந்தன.

றமீஸ் மகளோடு வந்தான். என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஹவ்வா காலையிலிருந்தே வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தாள். இது அவ இல்ல தம்பி, தங்கச்சி, ஒரு சாயலுக்கு. அவ்வளவுதான், லேசான பேச்சு. ஆனால் அவள் கவரை நீட்டியதுமே அவன் பிரித்துவிட்டான். பார்த்தவன் அப்படியே நிலத்தில் உட்கார்ந்தான்.

"இவதான்" என்றான். "யா அல்லாஹ், இவதான். எங்கட வீட்டுச் சுவர். எங்க கிடந்த ராத்தா இது?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் வடிந்தது. மூன்று வருஷமாகத் தொலைத்ததைக் கண்ட முகம் அது. காலிதீன் அந்த வாசலால் உள்ளே வந்திருந்தால் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஹவ்வா நினைத்தாள்.

"கிடந்திச்சு தம்பி" என்றாள்.

சொன்ன அந்தக் கணமே நஜ்லாவுக்குக் கொடுத்த வாக்கு அவளைக் குத்தியது. ஆனாலும், ஒருவனுக்காவது தேடியது கிடைத்ததாக இருக்கட்டுமே என்று அந்தப் பொய்யை அப்படியே விட்டாள்.

றமீஸ் மகளை இழுத்து மடியில் வைத்தான். "மகள், இஞ்ச பாருங்க. ஆரிது? ஒங்கட உம்மா."

சிஹானா படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

"சாச்சி" என்றாள்.

"சாச்சி இல்ல மகள். உம்மா. இதுதான் உம்மா."

வாப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பிள்ளைக்கு வேடிக்கையாக இருந்தது. படத்தின் முகத்தில் விரலை வைத்து அமத்தி, "சாச்சி, சாச்சி" என்று கூவிச் சிரித்தாள்.

றமீஸ் நிமிர்ந்து ஹவ்வாவைப் பார்த்தான். ஹவ்வாவால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"ராத்தா?"

"ஓம் தம்பி. அது நஜ்லா. சொல்லித்தான் குடுக்கச் சொன்னாள் அந்தப் புள்ள. நான்தான் சொல்லல்ல. மாப்புத் தாங்க."

அவன் கத்துவான், படத்தைக் கிழித்து எறிவான் என்று அவள் நின்றாள். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் படத்தைக் குப்புறத் திருப்பி நிலத்தில் வைத்தான். இனி அது அவன் பார்க்கக்கூடாத ஒரு பெண்ணின் முகம். வெள்ளைப் பின்பக்கத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டான்.

"அவ இவவப் போலயா இருந்த?" என்று கேட்டான்.

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற. மூக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தம்பி."

"மூக்கு எப்பிடி ராத்தா?"

ஹவ்வா வாயைத் திறந்தாள். அடையாள அட்டைப் படத்துக்கு அந்த முகத்தைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்தவள் அவள். எவ்வளவு யோசித்தும் அந்த மூக்கு அவள் நினைவுக்கு வரவில்லை. றமீஸ் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.